கம்பியில்லா ஒலிவாங்கியும் வாங்கியோர் வருத்தமும்

புதிய பொருளொன்றை விலைகொடுத்து வாங்கிய பின்னர், சில மாதங்கள் செல்லுமுன் அதனினும் சிறந்ததொன்று கடைக்கு வந்துவிட்டதென அறிந்து வருந்துவோர் எக்காலத்தும் உண்டு. மோட்டார் வண்டி வாங்கினோரும் வானொலிப் பெட்டி வாங்கினோரும் இவ்வருத்தத்தை அறிந்தவர்களே. ஆயின், கம்பியில்லா ஒலிவாங்கியை வாங்கினோர் அடைந்த வருத்தம் இருவகைப்பட்டது. ஒன்று சட்டத்தால் விளைந்தது. மற்றையது சந்தையின் வேகத்தால் விளைந்தது. முன்னதில், வாங்கிய கருவி பழுதின்றி இருக்கவும் அதனைப் பயன்படுத்துதல் குற்றமாயிற்று. பின்னதில், கருவி தன் தொழிலைக் குறைவின்றிச் செய்துகொண்டிருக்கவும் அது பழையதென்னும் பெயர் பெற்றது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறு. அவை வேறுபடுமாற்றை அறிவதற்கு இக்கருவியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

ஒலிவாங்கி தோன்றிய காலந்தொட்டு அதனை ஓரிடத்தோடு பிணைத்து வைத்தது கம்பியாகும். நின்ற இடத்தில் நின்று பேசுவோர்க்கு அக்கம்பி தடையன்று. நடிப்போர்க்கும் ஆடுவோர்க்கும் அது பெருந்தடை. பனிக்கட்டித் தரையிலே சறுக்கியாடும் கலைஞர்க்கோ கம்பியோடு அசைதல் எவ்வாற்றானும் இயலாத செயல். ஆகவே, கம்பியை அறுக்கும் முயற்சி பனிச்சறுக்கு அரங்கொன்றிலே தொடங்கியதில் வியப்பில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப் படையிற் பணியாற்றியவரும் பனிச்சறுக்கில் வல்லவருமான ரெஜ் மூர்ஸ் என்பார் 1947 ஆம் ஆண்டளவில் இத்தகைய கருவியொன்றை ஆக்கினார். 1949 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிறைற்றன் நகரில் நடைபெற்ற அலாவுதீன் கதை தழுவிய பனிச்சறுக்கு நாடகத்தில், கொடிய மந்திரவாதியாக நடித்தவரின் உடையிலே அக்கருவி பொருத்தப்பட்டது. அது நன்கு வேலை செய்தது.

எனினும் மூர்ஸ் தம் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பதிவு பெறவில்லை. அதற்குக் காரணம் சிந்திக்கத்தக்கது. அவருடைய கருவி 76 மெகாஹேட்ஸ் என்னும் மீடிறனில் இயங்கிற்று. ஓர் அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றது என்னும் கணக்கே மீடிறன் எனப்படும். அந்த மீடிறனைப் பயன்படுத்துவதற்கு அவரிடம் அனுமதி இருக்கவில்லை. பதிவு செய்யப் புகின் தம் குற்றம் வெளிப்பட்டுவிடும். நாடகத்தை நடத்தியோரும் அக்கருவியைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பாது, சறுக்குவோர்க்காக வேறு சிலர் மறைவில் நின்று பேசும் முறையைக் கைக்கொண்டனர். 1972 ஆம் ஆண்டிலே மூர்ஸ் தம் முதற் கருவியை இலண்டன் விஞ்ஞான அரும்பொருளகத்துக்கு வழங்கினார். கம்பியில்லா ஒலிவாங்கி பிறந்தபோதே அது தனக்குரிமையில்லாத வெளியிலே பிறந்தது. பிற்காலத்தில் அதனை வாங்கினோர்க்கு நேர்ந்த துன்பத்தின் வித்து அங்கேயே இருந்தது எனலாம்.

1953 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 'நாடோடி' என்னும் பொருள்படும் பெயருடைய கம்பியில்லா ஒலிவாங்கியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. பெயர் நாடோடியாயினும் அது நெடுந்தூரம் செல்லவில்லை. ஏற்பியிலிருந்து ஏறத்தாழ 15 அடிக்குள்ளேயே அதன் குரல் கேட்டது. ஜெர்மனியிலே, பின்னர் சென்ஹைசர் எனப் பெயர் பெற்ற நிறுவனம் வட ஜெர்மன் வானொலியோடு சேர்ந்து 1957 ஆம் ஆண்டில் இத்தகைய கருவியொன்றைக் காட்சிக்கு வைத்தது. அடுத்த ஆண்டு முதல் அது ரெலிபுங்கன் நிறுவனத்தின் வாயிலாக 'மிக்றோபோர்ட்' என்னும் பெயரில் விற்கப்பட்டது. 37 மெகாஹேட்ஸில் இயங்கிய அது 300 அடி வரை எட்டுமெனக் கூறப்பட்டது.

பொதுமக்கள் அறியாமலே இக்கருவி புகழெய்திய காலம் 1964 ஆகும். 'மை பெயர் லேடி' என்னும் திரைப்படத்திலே நடித்த ரெக்ஸ் ஹரிசன், பாடல்களை முன்னரே பதிவு செய்துவிட்டுப் படப்பிடிப்பின்போது வெறுமனே வாயசைப்பதற்கு உடன்படவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் பாடலைச் சற்று வேறுபடுத்திச் சொல்லும் இயல்பினர். எனவே, அவருடைய கழுத்துப் பட்டியின் உள்ளே கம்பியில்லா ஒலிவாங்கியொன்று மறைத்து வைக்கப்பட்டது. அப்படத்தின் ஒலிப்பதிவைப் பொறுப்பேற்ற ஜோர்ஜ் குறோவ்ஸ் அதற்காக ஒஸ்கார் விருதும் பெற்றார்.

இத்துணைச் சிறப்புடைய கருவி எல்லோர் கைக்கும் வருவதற்குப் பல இடையூறுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று அலையின் நீளம். 37 மெகாஹேட்ஸில் இயங்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 8 மீற்றர். நன்கு செலுத்துவதற்கு அதன் காற்பங்கு நீளமுள்ள அலைக்கம்பி, அதாவது ஏறத்தாழ 2 மீற்றர் நீளமுள்ள கம்பி வேண்டும். ஒலிவாங்கியின் கம்பியை அகற்றப் புகுந்து, அதற்கீடாக வேறொரு கம்பியை உடலிலே தொங்கவிடும் நிலை அது. மீடிறன் கூடக்கூட அலையின் நீளம் குறையும். 600 மெகாஹேட்ஸில் அலையின் நீளம் அரை மீற்றர். அதன் காற்பங்கு 12 அல்லது 13 சதமமீற்றர். சட்டைப் பையில் அடங்கும் கருவிக்கு அதுவே தக்க அளவாகும். மற்றோர் இடையூறு இரைச்சல். செலுத்தும் இடத்தில் ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சுருக்கி, ஏற்கும் இடத்தில் மீண்டும் விரிக்கும் முறையினால் இரைச்சல் அடக்கப்பட்டது. அம்முறையைக் கையாண்ட கருவியை 1976 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நேடி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பின்னர் இசையரங்குகளிலும் நாடக அரங்குகளிலும் தேவாலயங்களிலும் கல்லூரி மண்டபங்களிலும் கம்பியில்லா ஒலிவாங்கி விரைந்து பரவிற்று.

ஆயின், இவையெல்லாம் எந்த வெளியிலே பேசின? இங்கேதான் வரலாற்றின் முடிச்சு உள்ளது. 470 மெகாஹேட்ஸ் முதல் 800 மெகாஹேட்ஸ் வரையுள்ள பரப்பு பெரும்பாலும் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு நகரத்திலே எல்லா அலைவரிசைகளிலும் நிலையங்கள் இயங்குவதில்லை. ஒன்றையொன்று கெடுக்காதிருத்தற்பொருட்டு இடையிடையே சில அலைவரிசைகள் வெறுமையாக விடப்பட்டன. அவ்வெற்றிடங்களிலே ஒலிவாங்கிகள் குடியேறின. பெருநிலக்கிழாரின் தோட்டத்து வேலியோரத்திலே குடிசை அமைத்தவர் நிலைக்கு அவற்றின் நிலை ஒப்பாகும். தோட்டக்காரர் பொருட்படுத்தாதவரை துன்பமில்லை. நிலம் கைமாறுங்கால் குடிசைக்கு இடமில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலே இந்நிலை மேலும் சிக்கலுடையதாக இருந்தது. சமஷ்டித் தொடர்புகள் ஆணைக்குழுவின் விதிகளின்படி, வெற்று அலைவரிசைகளில் ஒலிவாங்கியைப் பயன்படுத்துவதற்கான அனுமதி ஒலிபரப்பு நிலையங்களுக்கும் படத் தயாரிப்பாளர்க்குமே உரியதாக இருந்தது. ஆயின், கடையிலே விலைகொடுத்தோர் யாவர்க்கும் கருவி கிடைத்தது. பாதிரிமாரும் பாடசாலை ஆசிரியரும் சிறு நாடகக் குழுவினரும் அனுமதி என ஒன்று உண்டென்பதை அறியாமலே பல ஆண்டுகள் அதனைப் பயன்படுத்தினர். எவரும் தடுக்கவுமில்லை.

தொலைக்காட்சி எண்ணிம முறைக்கு மாறியபோது நிலைமை மாறிற்று. எண்ணிம முறையிலே குறைந்த இடத்தில் கூடுதலான நிகழ்ச்சிகளை அனுப்பலாம். எனவே, தொலைக்காட்சி வைத்திருந்த பரப்பிலே ஒரு பகுதி மிஞ்சிற்று. அப்பரப்பின் அலைகள் நெடுந்தூரம் செல்வன, சுவர்களையும் ஊடுருவுவன. கையடக்கத் தொலைபேசி நிறுவனங்கள் அதனைப் பெறுதற்குப் போட்டியிட்டன. 698 முதல் 806 மெகாஹேட்ஸ் வரையுள்ள பரப்பின் பெரும்பகுதி 2008 ஆம் ஆண்டிலே ஏலத்தில் விடப்பட்டபோது அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 1,900 கோடி டொலர் கிடைத்தது. 2009 ஆம் ஆண்டு யூன் 12 ஆம் திகதி முழு வலுவுடன் இயங்கிய தொலைக்காட்சி நிலையங்கள் பழைய முறையைக் கைவிட்டன. 2010 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே ஆணைக்குழு ஒரு கட்டளை பிறப்பித்தது. அதன்படி, அவ்வாண்டு யூன் 12 ஆம் திகதிக்குப் பின்னர் அப்பரப்பிலே கம்பியில்லா ஒலிவாங்கி எதனையும் பயன்படுத்துதல் தடைசெய்யப்பட்டது.

கட்டளைக்கும் தடை நாளுக்கும் இடையே இருந்த காலம் ஐந்து மாதத்திற்கும் குறைவு. பெரும்பாலான கருவிகளை வேறு மீடிறனுக்கு மாற்றவும் இயலவில்லை. ஒவ்வொரு கருவியும் ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே இயங்குமாறு ஆக்கப்பட்டிருந்தது. தடைசெய்யப்பட்ட எல்லைக்குள் முற்றாக அமைந்த கருவிக்குப் புகலிடமில்லை. நேற்றுவரை வழிபாட்டிலே கேட்ட குரல், கருவியில் ஒரு பழுதும் இல்லாதிருக்கவும் சட்டத்தால் அடக்கப்பட்டது. அரசாங்கம் ஏலப் பணத்திலிருந்து ஒலிவாங்கி வைத்திருந்தோர்க்கு இழப்பீடு வழங்கவில்லை. உற்பத்தியாளர் சிலர், பழைய கருவியைக் கொடுத்துப் புதியது வாங்குவோர்க்கு விலைக்கழிவு அளித்தனர். அதுவும் புதியதொன்றை வாங்குவோர்க்கே பயன்பட்டது. ஒன்று சொல்லல் வேண்டும்: அதே கட்டளையினால், எஞ்சிய தொலைக்காட்சி அலைவரிசைகளில் அனுமதியின்றி ஒலிவாங்கியைப் பயன்படுத்துதற்கு இடமளிக்கப்பட்டது. பலருடைய நிலை முதன்முறையாகச் சட்டத்துக்கு இயைந்ததாயிற்று.

இவ்வாறு பழையதைக் கழித்துப் புதியதை வாங்கினோர், இனித் துன்பமில்லையென எண்ணினர். அவர்களுட் பலர் வாங்கியவை 600 மெகாஹேட்ஸ் பரப்பைச் சார்ந்தவை. அதுவும் நிலைக்கவில்லை. 2016 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவிலே மற்றோர் ஏலம் தொடங்கி, 2017 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முடிவெய்தியது. தொலைக்காட்சி நிலையங்கள் விலை பெற்று விட்டுக்கொடுத்த 84 மெகாஹேட்ஸ் அகலமுள்ள பரப்பிலே 70 மெகாஹேட்ஸ் கையடக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்கு உரியதாயிற்று. ஏலத்தின் மொத்தத் தொகை ஏறத்தாழ 1,980 கோடி டொலர். அப்பகுதியிலிருந்து ஒலிவாங்கிகள் வெளியேறுதற்கு 2020 ஆம் ஆண்டு யூலை 13 ஆம் திகதி இறுதி நாளாக விதிக்கப்பட்டது. முதலாவது ஏலத்தின் பின் புதியன வாங்கினோர், பத்தாண்டு நிறைந்த அளவிலே மீண்டும் வாங்க வேண்டியவராயினர். இறுதி நாள் வந்தபோது உலகெங்கும் கொள்ளைநோய் பரவியிருந்தது. நியூயோர்க்கின் புறோட்வே நாடக அரங்குகள் 2020 மார்ச் மாதத்திலேயே மூடப்பட்டுவிட்டன. வருமானம் அற்றுப்போன வேளையிலே கருவிகளை மாற்றுதற்குப் பணம் தேட வேண்டிய நிலை பலர்க்கு ஏற்பட்டது.

பிரித்தானியாவிலும் இதுபோன்ற நிகழ்ச்சி நடந்தது. ஆயின் நடந்த முறை வேறு. அங்கே ஊர்தோறும் செல்லும் நாடகக் குழுவினரும் இசைக் குழுவினரும் 69 ஆம் அலைவரிசையைப் பொது இடமாகக் கொண்டிருந்தனர். நாடெங்கும் ஒரே அனுமதிப் பத்திரத்தோடு அதனைப் பயன்படுத்தலாம். அதனையும் தொலைபேசிக்கு வழங்குவதெனத் தீர்மானிக்கப்பட்டபோது, ஒவ்கொம் என்னும் ஒழுங்காற்று அமைப்பு 38 ஆம் அலைவரிசையை மாற்றிடமாகக் குறித்தது. அது முன்னர் வானொலி வானியல் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டிருந்த இடம். அன்றியும், முறையான அனுமதிப் பத்திரம் வைத்திருந்தோர்க்குப் புதிய கருவியின் விலையில் ஒரு பகுதியை அரசாங்கம் வழங்கிற்று. முழு விலையும் வழங்கப்படவில்லையென்னும் குறை எழுந்ததுண்டு. எனினும், இடம் பெயர்க்கப்படுவோர்க்கு மாற்றிடமும் வழிச்செலவும் அளித்தல் அரசின் கடனெனக் கொள்ளப்பட்டது. பத்திரம் இன்றிப் பயன்படுத்தியோர் அவ்வுதவிக்கு உரியவராகவில்லை. ஆண்டுதோறும் சிறு கட்டணம் செலுத்திப் பத்திரம் பெற்றவரை வீண்செலவு செய்தவரென முன்னர் நகைத்தவர்கள், அதன் பெறுமதியை அப்போது உணர்ந்திருத்தல் வேண்டும்.

இவ்விரு நாடுகளின் வரலாறும் காட்டும் உண்மை யாது? கம்பியுள்ள ஒலிவாங்கியை வாங்குவோன் ஒரு பொருளை வாங்குகின்றான். கம்பியில்லா ஒலிவாங்கியை வாங்குவோன் பொருளையும், அது பேசுதற்கு ஏற்ற வெளியிலே தற்காலிகமான ஓர் இடத்தையும் சேர்த்துப் பெறுகின்றான். பொருள் அவனுடையது, வெளி பொதுமக்களுடையது. அதனை யார் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசிடம் உள்ளது. விற்பவர் பொருளின் குணங்களை விரித்துரைத்தனரேயன்றி, வெளியின் நிலையாமையை வாங்குவோர்க்கு எடுத்துரைத்தார் சிலரே. ஆகவே, 2010 இலும் 2020 இலும் வருந்தியவர்களின் வருத்தம் நியாயமானது. அவர்கள் ஆசையால் கெட்டவர்களல்லர், அறிவிக்கப்படாமையால் கெட்டவர்கள்.

நிற்க. அனுமதித் தொல்லையினின்றும் நீங்கிய மற்றொரு வெளி உண்டு. 2.4 கிகாஹேட்ஸ் என்னும் பரப்பிலே, வலுக் குறைந்த கருவிகளைத் தனித்தனி அனுமதிப் பத்திரமின்றி உலகின் பல நாடுகளிலும் பயன்படுத்தலாம். கணினிகளை இணைக்கும் வைபையும், காதுக் கருவிகளை இணைக்கும் புளூரூத்தும் அங்கேயே இயங்குகின்றன. நுண்ணலை அடுப்பும் அதே பரப்பைச் சார்ந்தது. அங்கே அலையின் நீளம் 12 சதமமீற்றர் அளவே ஆதலின், அலைக்கம்பி 3 சதமமீற்றருள் அடங்கிவிடும். நெரிசல் மிக்க சந்தைபோன்ற இவ்வெளியிலேதான் வருத்தத்தின் இரண்டாவது வகை தோன்றிற்று.

2019 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் றோட் நிறுவனம் 'வயர்லெஸ் கோ' என்னும் சிறு கருவியை வெளியிட்டது. செலுத்தி 31 கிராம் எடையுடையது, சட்டையிலே செருகிக்கொள்ளத்தக்கது. கையடக்கத் தொலைபேசியையும் சிறு படக்கருவியையும் கொண்டு நிகழ்ச்சிகளை ஆக்குவோர் பெருகிய காலமாதலின், அஃது உடனே பரவிற்று. அதிலிருந்த குறை, ஒருவர் குரலை மட்டுமே ஏற்கும் என்பது. 2021 ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் இரண்டாவது கருவியைக் கொணர்ந்தது. அது இருவர் குரலை ஏற்றது. தொடர்பு அறுந்தபோதிலும் பேச்சு அழியாதவாறு செலுத்தியிலேயே பதிவும் செய்தது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பறக்கும் படக்கருவிகளால் பெயர் பெற்ற சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனமும் இச்சந்தையிற் புகுந்தது. கருவிகள் யாவற்றையும் ஒரே பேழையிலே வைத்து மின்னேற்றும் வசதியை அது அளித்தது. 2023 இல் றோட் நிறுவனம், திடீரென எழும் உரத்த ஓசையிலும் சிதையாத பதிவு முறையைத் தன் கருவியிற் சேர்த்தது. 2024 சனவரியில் டி.ஜே.ஐ. தன் இரண்டாவது கருவியிலே அவ்வசதியைத் தந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் றோட் தன் முதற் கருவியின் மூன்றாந் தலைமுறையை வெளியிட்டது. நவெம்பரில் டி.ஜே.ஐ. 10 கிராம் எடையுள்ள சிறிய கருவியொன்றைக் கொணர்ந்தது. 2025 ஆகஸ்ற் மாதத்தில் அதன் மூன்றாவது கருவி வெளிவந்தது.

இந்த அட்டவணையைக் கணக்கிட்டு நோக்கின், ஒரு நிறுவனம் நான்காண்டுக்குள் நான்கு கருவிகளை வெளியிட்டமை புலப்படும். முதலிரண்டு கருவிகளுக்கும் இடையே இருந்த காலம் இரண்டு ஆண்டு. அதன் பின்னர் இடைவெளி ஓராண்டிலும் குறைந்தது. 2023 டிசெம்பரிலே முதற் கருவியை வாங்கியவன், அதன் அட்டைப் பெட்டியைக் கழிக்குமுன் இரண்டாவது கருவியின் விளம்பரத்தைக் கண்டிருப்பான்.

புதியதை வாங்கினோர்தாம் வருத்தத்தினின்றும் தப்பினரோவெனின், அதுவுமில்லை. 2024 நவெம்பரில் வந்த சிறிய கருவி எடையிற் குறைந்தது, விலையிலும் குறைந்தது. ஆயின், முன்னைய கருவியிலிருந்த உட்பதிவு வசதி அதிலே இல்லை. 2025 இல் வந்த கருவியின் செலுத்தி 16 கிராம். முன்னையது 28 கிராம். எடையைக் குறைக்கப் புகுந்தோர், கழுத்துப் பட்டி ஒலிவாங்கியைச் செருகுதற்கென முன்னைய செலுத்தியிலிருந்த துளையை நீக்கிவிட்டனர். ரெக்ஸ் ஹரிசனுக்குச் செய்ததுபோல ஒலிவாங்கியை உடைக்குள் மறைத்து வைத்துப் பழகியவர், புதியதை வாங்கிய பின்னரே தாம் இழந்ததை அறிந்தனர். முன்னேற்றமெனப்படுவது எல்லாப் பக்கத்திலும் கூடுவதன்று. ஒன்று கூட மற்றொன்று குறைதல் பொருளுலகின் இயல்பு. விளம்பரம் கூடியதைக் கூறும், குறைந்ததைக் கூறாது.

இவ்வேகம் இக்காலத்திலே புதிதாகத் தோன்றியதன்று. 1920 களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், அல்பிரட் சிலோன் என்பாரின் தலைமையில், ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றி வெளியிடும் வழக்கத்தை நிலைநாட்டிற்று. அந்நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரான சார்ள்ஸ் கெற்றரிங் 1929 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். வாங்குவோரை எப்போதும் மனநிறைவற்றவராக வைத்திருங்கள் என்னும் கருத்துடையது அதன் தலைப்பு. கையிலுள்ள வண்டியில் எல்லோரும் நிறைவுகொண்டுவிடின் புதிய வண்டியை வாங்குவார் யார் என்பது அவர் எண்ணம். ஆகவே, புதிய பொருளைக் கண்டு பழைய பொருளின் உடைமையாளர் வருந்துதல் தற்செயலாக விளைவதன்று. அவ்வருத்தமும் தொழிற்சாலையில் ஆக்கப்படும் பண்டங்களுள் ஒன்றாகும். ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் வண்டிக்கு ஓராண்டு கால எல்லை வகுக்கப்பட்டது. சட்டைப் பையில் அடங்கும் கருவிக்கு அவ்வெல்லையும் குறுகிற்று.

இதற்கு மறுதலையாக நிற்பதொரு பொருளும் ஒலிவாங்கிகளுக்குள்ளேயே உண்டு. 1966 ஆம் ஆண்டிலே ஷூர் நிறுவனம் எஸ்.எம். 58 என்னும் கம்பியுள்ள ஒலிவாங்கியை வெளியிட்டது. உருண்டையான கம்பிவலைத் தலையுடைய அதனை, பெயர் அறியாதோரும் உருவத்தால் அறிவர். அறுபதாண்டுகளை அணுகும் அக்கருவி இற்றைவரை விற்பனையிலுள்ளது. அரை நூற்றாண்டுக்கு முன் வாங்கியதனையும் பழுதுபார்த்து, இன்றைய ஒலிக்கருவிகளோடு இணைத்துப் பேசலாம். அதற்கு மின்கலம் வேண்டியதில்லை, அனுமதி வேண்டியதில்லை. எந்த ஏலமும் அதனை வாய்மூடச் செய்யவில்லை. அதன் உரிமையாளர் புதிய கருவிகளின் வரவைக் கேட்டு வருந்தியதாகவும் கூறுவாரில்லை. கம்பி ஒரு தளை என்பது உண்மை. அத்தளையே அதற்கு வேலியுமாயிற்று.

இதனால் கம்பியில்லா ஒலிவாங்கியை வாங்குதல் தவறென்பது கருத்தன்று. சறுக்குவோனுக்கும் ஆடுவோனுக்கும், வகுப்பறையிலே மாணவரிடையே நடந்து பேசும் ஆசிரியர்க்கும் அது பேருதவி செய்கின்றது. தேறவேண்டியது யாதெனின், வருத்தத்தைப் பகுத்தறிதல் வேண்டும் என்பதே. கருவி பேச மறுத்தால், அல்லது அதனைப் பேசவிடாது சட்டம் தடுத்தால், அந்நட்டம் மெய்யானது. அதற்குப் பரிகாரம் கேட்டல் குடிமக்களின் உரிமை. முன்கூட்டி அறிவித்தலும், மாற்றிடம் அளித்தலும், செலவிற் பங்கேற்றலும் பொதுவெளியை விற்றுப் பொருள் பெறும் அரசின் கடமை. பிரித்தானியா அக்கடமையிற் பாதியேனும் செய்தது. அமெரிக்கா அவ்வளவுதானும் செய்யவில்லை.

அவ்வாறன்றி, கருவி முன்போலவே பேசிக்கொண்டிருக்க, அயலார் கையிலுள்ள கருவியின் புதுமையைக் கண்டு எழும் வருத்தம் வேறு. 2019 இல் வாங்கிய கருவி ஒருவர் குரலை ஏற்கும் தொழிலை 2021 ஆம் ஆண்டின் வரவுக்குப் பின்னரும் முன்போலவே செய்தது. அதன் குணத்தில் ஓரணுவும் குறையவில்லை. குறைந்தது உடையவனின் மனநிறைவே. ஒரு குறையை மட்டும் இங்கு மறைத்தல் ஆகாது. இச்சிறு கருவிகளின் மின்கலங்கள் உள்ளே அடைக்கப்பட்டவை. சில ஆண்டுகளில் அவை தளர்வது இயல்பு. பழைய கருவிகளிற் போல எளிதாகக் கழற்றி மாற்ற இயலாமையால், மின்கலத்தோடு கருவியும் கழிகின்றது. புதிய வரவைக் கண்டு வருந்துவோர், வருந்தவேண்டிய இடம் இதுவேயென உணர்ந்து, பழுதுபார்க்கத்தக்க கருவியைக் கேட்பாராயின், அக்கேள்விக்கு உற்பத்தியாளர் செவிசாய்த்தே ஆகவேண்டும்.

வாங்குமுன் ஆராய வேண்டியவை மூன்று. இக்கருவி எந்த வெளியிலே பேசுகின்றது? அவ்வெளி எவ்வளவு காலத்துக்கு உறுதியுடையது? தம் தொழிலுக்கு வேண்டியதை அது இன்றே செய்கின்றதா? இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைத்த பின் வாங்கியவர், மறுநாட் காலையிலே வேறொன்று கடைக்கு வந்ததெனக் கேட்பினும் கலங்க வேண்டியதில்லை. ஒலிவாங்கியின் பயன் அதன் பிறந்த ஆண்டில் இல்லை. அதன் வழியே கேட்போர் செவியை அடையும் சொல்லிலேயே உள்ளது.